சுமுகம் சாரின் உத்தரவுப் புத்தகம்

நாற்காலியை இரண்டு விரற்கடை உள்ளே தள்ளினார். எட்டி நின்று பார்த்தார். போதவில்லை. இன்னும் ஒரு விரற்கடை தள்ளினார். இப்போது அதில் உட்காருகிறவரின் முழங்கால் மேசையில் இடிக்கும். இடிக்கத்தான் வேண்டும். "மேசையை ஒட்டி உக்காந்தா கோபம் பாதி கொறைஞ்சிடும்" என்பது சுமுகம் சாரின் ஆராய்ச்சி முடிவு. மேசைக்கு அந்தப் பக்கம் கிடக்கும் நாற்காலியை மட்டும் அவர் தொடுவதில்லை. அதற்குக் கைப்பிடி உண்டு, மெத்தை உண்டு, வழக்கமாக உட்காருகிறவரின் உடம்புக்குப் பழகிப்போன பள்ளமும் உண்டு.

அடுத்தது தண்ணீர்த் தம்ளர். அதில் முக்கால் அளவுதான் ஊற்ற வேண்டும். "முழுசா ஊத்தினா கோபத்துல சிந்திடுவாங்க. பாதி ஊத்தினா நம்மளை மதிக்கலைன்னு நெனச்சுக்குவாங்க." அதற்குப் பிறகு, முகம் துடைக்கும் காகிதப் பெட்டி. அதன் வாய் புகார்காரர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எல்லாம் ஆனதும் கையோடு கை தேய்த்துக்கொண்டு, யாரும் இல்லாத அறையைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். ஒன்பது ஐம்பதுக்கு அந்தப் புன்னகை முகத்தில் ஏறினால் மாலை ஐந்து மணிக்குத்தான் இறங்கும்.

இவர் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம், தண்ணீர், எரிவாயு, தொலைபேசி என்று உரிமம் வாங்கிக்கொண்டு ஊருக்குச் சேவை செய்கிற நிறுவனங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் மேல் குறை உள்ளவர்கள் நீதிமன்றப் படி ஏறாமல் பேசித் தீர்த்துக்கொள்வதற்கென்று ஓர் அலுவலகம் உண்டு. பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. லிஃப்டின் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்குகிறது. அந்த அட்டையே பாதி கிழிந்துவிட்டது. மூச்சு வாங்கப் படியேறி வருகிறவரையும் நிறுவனத்தின் ஆளையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசி, இருவரையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவருவதுதான் சமரச அலுவலரின் வேலை. வக்கீல் வேண்டாம், கட்டணம் வேண்டாம், வருடக்கணக்கில் வாய்தா வேண்டாம். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். அதன் தலையில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றித்தான் பேச்சு.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. எதை எடுத்தாலும் "சுமுகமா முடிச்சுக்கலாமே" என்று ஆரம்பிப்பதால் காவலாளி முதல் மேலதிகாரி வரை எல்லோருக்கும் அவர் சுமுகம் சார். அதில் கேலி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஐம்பத்தாறு வயது. ஏறிய நெற்றி. நோயாளி தூங்குகிற அறையில் பேசுவது போல ஒரு தாழ்ந்த குரல். சட்டைப் பையில் இரண்டு பேனா: நீலம் அவர் எழுத, கறுப்பு மற்றவர்கள் கையெழுத்துப் போட. முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. முடியும் என்ற சொல்லையும்தான்.

அவருடைய முறைக்கு மூன்று படிகள். முதலில் தண்ணீர். அடுத்தது அனுதாபம்: "உங்க எடத்துல நான் இருந்தா இதைவிடக் கோபப்பட்டிருப்பேன்." கடைசியில் பயம்: "கோர்ட்டுக்குப் போங்க, வேணாங்கலை. ஏழு வருஷம் ஆகும். உங்க உடம்புக்குத் தாங்குமான்னு யோசிச்சுக்குங்க." இந்த மூன்றையும் தாண்டி நின்றவர்கள் குறைவு. இரண்டு மாதம் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத முடிதிருத்துக் கடைக்காரர் ஒருவர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் என்ற வாக்குறுதியோடு இறங்கிப் போனார். வராத நாளில் வாடிக்கையாளர் தலையில் சோப்பு நுரையோடு என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றுவதற்குள் கையெழுத்து ஆகிவிட்டது. மின்சாரம் எகிறி மாவு பிசையும் இயந்திரம் கருகிப்போன பேக்கரிக்காரர், அதன் மோட்டாரைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். போகும்போது நிறுவனத்தின் முத்திரை போட்ட சுவர்க் கடிகாரத்தோடு போனார். கடிகாரம் பேட்டரியில் ஓடுவது, நல்லவேளை.

"ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு அடி விட்டுக்குடுங்க" என்பார். நியாயம் மாதிரிதான் காதில் விழும். ஒரு அடி எடுத்து வைத்தால் சுவரில் முட்டிக்கொள்கிறவனும், ஒரு அடி எடுத்து வைத்ததே தெரியாத அளவுக்கு நிலம் உள்ளவனும் அவருக்கு ஒன்று. தட்டச்சு செய்கிற அம்மாள் அவருக்கு முன்பிருந்தே அந்த அலுவலகத்தில் இருப்பவர். அவர் ஒருமுறை காவலாளியிடம் சொன்னார்: "இவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுடாதப்பா. மாப்பிள்ளையையும் பொண்ணையும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்குடுக்கச் சொல்லி, அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பிச்சுடுவாரு."

மெத்தை நாற்காலிக்கு உரியவர் தொலைபேசி நிறுவனத்தின் பிரதிநிதி. வெயிலானாலும் மழையானாலும் கையில் கறுப்புக் குடை. அதைத் தொங்கவிட சமரச அறைச் சுவரில் அவரே ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறார். அலமாரியில் நீலக் கோடு போட்ட கோப்பை ஒன்று இருக்கிறது, அதுவும் அவருடையது. வாரத்தில் மூன்று நாள் வருகிற மனிதருக்கு ஒரு கோப்பைகூட வைக்கக் கூடாதா என்பது சுமுகம் சாரின் கட்சி. உடன்பாட்டு வாசகத்தை எழுதி முடித்ததும் அவர் அதைப் புகார்காரரிடம் கொடுப்பதில்லை. தாளைச் சுற்றிக் குடைக்காரர் பக்கம் நகர்த்துவார். "ஒரு பார்வை பாத்துடுங்க தம்பி. எந்த வார்த்தையும் உறுத்தாம இருக்கட்டும்." தம்பி பார்த்து, இரண்டு வார்த்தை அடித்து, ஒரு வார்த்தை சேர்த்துத் திருப்பித் தந்த பிறகுதான் அது மற்றவர் கண்ணில் படும். இப்படிச் செய்தால் திரும்பத் திரும்ப எழுதுகிற வேலை மிச்சமாம்.

லஞ்சம் வாங்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். குடைக்காரரிடம் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. வாங்கியிருந்தாலாவது இதற்கெல்லாம் காரணம் என்று ஒன்று இருந்திருக்கும்.

இத்தனைக்கும் சட்டம் அவருக்குப் பல் கொடுத்திருக்கிறது. உடன்பாடு வரவில்லை, நிறுவனத்தின் மேல் தவறு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றினால் உத்தரவு போடலாம். போட்டால் நிறுவனம் அதன்படி நடந்தே ஆக வேண்டும். அதற்கென்று வெளிர்பச்சைத் தாள்களைத் தைத்த ஒரு புத்தகம் தலைமையகத்திலிருந்து வந்தது. அவர் பதவியேற்ற வாரம் வந்த அந்தப் புத்தகம் இன்னும் கண்ணாடித்தாள் உறைக்குள்ளேயே இருக்கிறது. சும்மா இல்லை. மேசையின் வலது ஓரத்தில் கிடக்கிறது. அதன் மேல்தான் சுமுகம் சார் தன் டீ தம்ளரை வைப்பார். உறையின் மேல் வட்டத்துக்குள் வட்டமாகப் பதினொரு வருடத்து டீக்கறை. "மேசை பாழாகாம இருக்கு பாருங்க" என்று அவரே பெருமையாகக் காட்டியிருக்கிறார்.

ஏன் பிரிக்கவில்லை என்பதற்கு விடை அவர் தலைக்குப் பின்னால் இருக்கிறது. பதினொரு கேடயங்கள். ஓர் உத்தரவுகூடப் போடாமல் எல்லாப் புகாரையும் இணக்கத்திலேயே முடித்த அலுவலகத்துக்கு வருடாவருடம் தலைமையகம் ஒரு கேடயம் தருகிறது. அந்தக் கணக்கில் உத்தரவு என்பது தோல்வி. புகார்காரர் பாதியில் எழுந்து போய்விட்டால் அது தோல்வி இல்லை. 'தாமாக விலகிக்கொண்டார்' என்று எழுதி மூடிவிடலாம். கேடயங்களை வெள்ளிக்கிழமைதோறும் அவரே துடைக்கிறார். பன்னிரண்டாவதற்கான இடத்தை அலமாரியில் ஒதுக்கி வைத்தாயிற்று.

போன வருடம் அவர் வீட்டுத் தொலைபேசி இரண்டு நாள் ஊமையாகிவிட்டது. முதல் நாள் பொறுத்தார். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து குடைக்காரரைக் கூப்பிட்டுக் கத்திய கத்தலில், அடுப்படியில் இருந்த அவர் மனைவி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாராம். ஒரு மணி நேரத்தில் ஏணியோடு ஆட்கள் வந்து சரி செய்துவிட்டுப் போனார்கள். "ஆளுக்கு ஒரு அடி விட்டுக்குடுத்திருக்கலாமே" என்று மனைவி கேட்டதற்கு, "இது வேற, அது வேற" என்றார். அதை அவர் உண்மையாகவே நம்புகிறார். அவரோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தும் அந்த அம்மாள் தன் மனக்குறை எதையும் அவரிடம் சொல்வதை நிறுத்தி வெகுகாலமாகிறது. சொன்னால் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார் என்ற பயம்தான்.

நாற்காலியை மூன்று விரற்கடை தள்ளிய அந்தச் செவ்வாய்க்கிழமை, தையல்காரப் பெண்ணின் நான்காவது அமர்வு. மூன்று முறை பேசியும் முடியாத புகார் என்பது சுமுகம் சாரின் சரித்திரத்தில் கிடையாது. அதனால்தான் அந்த மூன்றாவது விரற்கடை.

புகார் இவ்வளவுதான். அவள் வீட்டுத் தொலைபேசிக்கு முப்பத்திரண்டு வருடமாக ஒரே எண். பழைய இணைப்பகத்தை மூடியபோது நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு வேறு எண் கொடுத்துவிட்டது. அவளுக்குப் பழைய எண் திரும்ப வேண்டும். ஏன் வேண்டும் என்பதற்கு அவள் கணவனைச் சொல்ல வேண்டும். அவர் லாரி ஓட்டியவர். வாரக்கணக்கில் வெளியூரில் கிடந்தவர். எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் அந்த எண்ணைச் சுழற்றி, வந்துவிட்டேன், சாப்பிட்டுவிட்டேன், கிளம்பிவிட்டேன் என்று சொன்னவர். இரண்டு வருடமாக ஞாபகம் தேய்ந்துகொண்டே வருகிறது. தெரு மறந்துவிட்டது, பெற்ற மகளின் பெயர் மறந்துவிட்டது, எண் மட்டும் மறக்கவில்லை. கண் அசந்தால் வெளியே நடந்துவிடுவார். வழி தெரியாமல் நிற்கும்போது யாராவது கேட்டால் அந்த எண்ணைக் கடகடவென்று ஒப்பிப்பார். முன்பு இரண்டு முறை முன்பின் தெரியாதவர்கள் அந்த எண்ணில் கூப்பிட்டுச் சொல்லித்தான் அவர் வீடு வந்து சேர்ந்தார். எண் மாறிய பிறகு மூன்றாவது முறை தொலைந்தபோது ஒன்றரை நாள் ஆயிற்று. ஒரு பாலத்தடியில் காலில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

புது எண்ணைத் துணியில் தைத்துச் சட்டையில் வைத்துவிடலாமே என்று சுமுகம் சார் முதல் அமர்விலேயே யோசனை சொல்லியிருந்தார். தையல்காரியிடமே சொன்னார். அவள் அதை எப்போதோ செய்து பார்த்துவிட்டாள். இரட்டை நூலில் தைத்தாள், உள்பக்கம் தைத்தாள், மடிப்புக்குள் மறைத்துத் தைத்தாள். அவர் நகத்தாலேயே நூலைப் பிரித்து எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுகிறார். "இது யாரோடதோ என் சட்டையில வந்துடுச்சு" என்பாராம்.

பறிபோன எண்ணை அழைத்துப் பார்க்க அவளுக்கு மனம் வந்ததில்லை. அதனால் அவளுக்குத் தெரியாத ஒன்று சுமுகம் சாருக்குத் தெரியும். இரண்டாம் அமர்வு முடிந்து அவள் படியிறங்கிய பிறகு, குடைக்காரர் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னது. ஏழு ஏழு, நாலு நாலு, ரெண்டு ஒண்ணு. சொல்லும்போதே மனதில் ஒட்டுகிற எண். அப்படிப்பட்ட எண்களை நிறுவனம் கடைகளுக்கு ஒதுக்கிவிடுகிறது. இந்த எண் ஒரு கட்டில் மெத்தைக் கடையின் விற்பனை எண்ணாகி நான்கு மாதம் ஆகிறது. சுமுகம் சார் கேட்டுக்கொண்டார். கோப்பில் எழுதவில்லை. எழுதினால் இரு தரப்புக்கும் மனவருத்தம்.

கணவனைத் தனியே விட்டுவர முடியாது என்பதால் அவரையும் அழைத்து வந்திருந்தாள். அவர் நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்தார். அலுவலக விதிப்படி அவருக்கும் ஒரு வருகைச் சீட்டு எழுதி, தட்டச்சு அம்மாள் அவர் சட்டைப் பையில் செருகிவிட்டார். உள்ளே உட்கார்ந்தவள் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். பெஞ்சு தெரிய வேண்டும் அவளுக்கு.

சுமுகம் சாருக்கு அது பிடிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"சார், கதவு தெறந்தே இருக்கட்டுமே" என்றாள் அவள்.

"வெளிச் சத்தம் வந்தா பேச்சு ஒட்டாது தங்கச்சி. அவர் எங்க போகப் போறாரு, பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிட வேலை ஒரு மணி நேரம் ஓடியது. குடைக்காரர் தன் பக்கத்தைச் சொன்னார். வண்ணத் தொலைபேசிக் கருவி ஒன்று, அரையாண்டு இலவச இணைப்பு, அதற்கு மேல் நினைவில் வைக்க எளிதான இன்னொரு எண். எளிது என்பதை இரண்டு முறை சொன்னார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீரைத் தொடவில்லை.

"எனக்குப் போனே வேண்டாம் சார்" என்றாள். "இருக்கிற கருவியையும் எடுத்துக்கிட்டுப் போங்க. அந்த நம்பர்ல யார் கூப்பிட்டாலும் எனக்குக் கேக்கணும். அவ்வளவுதான். அவரு கையில இருக்கிற கடைசி விலாசம் அதுதான்."

இரண்டாம் படி, மூன்றாம் படி எல்லாவற்றையும் சுமுகம் சார் முந்தைய அமர்வுகளிலேயே ஏறி முடித்திருந்தார். ஆகவே அன்றைக்கு ஒரு புது யோசனையோடு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது தோன்றியதாம். எண் இப்போது வேறு ஒருவரிடம் இருக்கிறது, அவர்களுக்கும் மனசு என்று ஒன்று இருக்கும் இல்லையா, அந்த எண்ணுக்கு இப்படி ஒரு அழைப்பு வந்தால் அவளுக்குத் தகவல் சொல்லும்படி நிறுவனம் அவர்களைக் கேட்டுக்கொள்ளும். யாரிடம் இருக்கிறது என்று அவள் கேட்டாள். "அது நமக்கு எதுக்கு" என்றார். கேட்டுக்கொண்டால் செய்வார்களா என்று கேட்டாள்.

"முயற்சி எடுக்கப்படும்னு எழுதறோம் தங்கச்சி. எழுத்துல இருக்கும்."

"முயற்சின்னா என்ன சார்?"

அதற்கு அவர் புன்னகை செய்தார். ஏற்கெனவே எழுதி எடுத்து வந்திருந்த வாசகத்தை, வழக்கம்போலக் குடைக்காரர் பார்த்து 'எடுக்கப்படும்' என்பதை 'எடுக்கப்படலாம்' என்று திருத்திக் கொடுத்தார். தட்டச்சு அம்மாள் மூலையில் அதை அடித்து மூன்று நகல் எடுத்தார். கறுப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் வைத்தார் சுமுகம் சார். களைத்துப்போயிருந்தாள். நான்கு முறை படியேறியிருக்கிறாள். தைக்க வாங்கிய துணிகள் வீட்டில் குவிந்து கிடக்கின்றன. பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள்.

அந்த நேரம் தட்டச்சு அம்மாள் நகல்களைக் கோப்பில் கோக்கக் கதவைத் திறந்து வெளியே போனார். போன வேகத்தில் திரும்பினார். "அம்மா, பெஞ்சுல அவரு இல்லை."

தையல்காரி எழுந்த வேகத்தில் முழங்கால் மேசையில் இடித்தது, தண்ணீர்த் தம்ளர் ஆடியது. ஓடினாள். தட்டச்சு அம்மாளும் பின்னால் ஓடினார். "ஒரே ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டீங்கன்னா..." என்று சுமுகம் சார் சொன்னது படிக்கட்டு வரை போய் நின்றது. பேனா தரையில் கிடந்தது. குனிந்து எடுத்து மூடி போட்டார்.

பிறகு அவரும் குடைக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கிடைத்துவிடுவார், எங்கே போகப் போகிறார் என்று சுமுகம் சார் சொன்னார். குடைக்காரர் தலையாட்டிவிட்டு நீலக் கோட்டுக் கோப்பையில் டீ ஊற்றிக்கொண்டார். புகார்காரர் பாதியில் எழுந்து போய்விட்டால் என்ன எழுதுவது என்பது சுமுகம் சாருக்கு மனப்பாடம். வேண்டுமென்று நினைக்கவில்லை. தானாக வந்து நின்றது. நல்லவர்தானே, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தோடே அந்த வரியை மனதுக்குள் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொண்டார்.

நாற்பது நிமிடம் கழித்துப் படியில் காலடிகள் கேட்டன. முன்னால் தையல்காரி, அவள் பிடியில் கணவர். பின்னால் தட்டச்சு அம்மாள், கூடவே தோளில் துண்டு போட்ட ஒரு சுமை இறக்கும் ஆள். மூன்று தெரு தள்ளி லாரி ஷெட் இருக்கிறது. அங்கே நின்ற ஒரு வண்டியில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாராம். சாவி கேட்டாராம். இறக்கி விசாரித்ததில் எண்ணைச் சொல்லியிருக்கிறார்.

"நானும் ரெண்டு தடவை அடிச்சுப் பாத்தேன்" என்றார் சுமைக்காரர். "ஒரு பொண்ணு பேசுது. கட்டில்னா ஒண்ணை அமுக்கு, மெத்தைன்னா ரெண்டை அமுக்குங்குது. மனுசன் தொலைஞ்சா எதை அமுக்கறதுன்னு அது சொல்லலை. அப்புறம் பையில சீட்டு இருந்துச்சு, கூட்டிக்கிட்டு வந்துட்டேன்."

தையல்காரி சுமுகம் சாரைப் பார்த்தாள். எண் யாரிடம் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு முன்பே தெரியும் என்பதும் அவர் முகத்திலிருந்தே தெரிந்துவிட்டது. ஆளைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கலாம். கதை சொல்கிற என் ஆற்றாமைக்காகவாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதற்குள் அவள் கணவர் மேசைத் தொலைபேசியைக் கண்டுவிட்டார். யாரும் தடுக்குமுன் எடுத்துக் காதில் வைத்து, பொத்தான்களைப் பார்க்காமலே அழுத்தினார். விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது.

"நான்தான்" என்றார் அதில். "வந்து சேந்துட்டேன். நீ சாப்பிட்டுப் படு. கதவைத் தாழ் போட்டுக்க."

கேட்டார். சற்று நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். முகம் மெல்ல மாறியது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற மனைவியிடம், அவள் யார் என்பது தெரியாமலே, அடிக்குரலில் கேட்டார்: "என் வீட்ல யாரோ பேசறாங்க. என் சம்சாரம் எங்கங்க?"

அவள் ரிசீவரை வாங்கி வைத்துவிட்டு, அவரை உட்காரவைத்தாள். மெத்தை நாற்காலியில் உட்காரவைத்தாள். குடைக்காரர் எப்போது எழுந்து அதை விட்டார் என்று அவருக்கே தெரியாது.

மணி பன்னிரண்டேகால். சுமுகம் சாரின் முகத்திலிருந்து புன்னகை இறங்கியிருந்தது. பதினொரு வருடத்தில் அந்த நேரத்தில் அது இறங்கிப் பார்த்ததில்லை என்று தட்டச்சு அம்மாள் பின்னால் சொன்னார். அந்த அம்மாள்தான் மேசையோரம் வந்து, டீ தம்ளரைத் தூக்கி ஜன்னலில் வைத்துவிட்டு, கறை வட்டங்களோடு அந்தப் புத்தகத்தை அவர் முன்னால் நகர்த்தினார். "ஒரு தாள் போதும் சார்" என்றார்.

சுமுகம் சார் புத்தகத்தைப் பார்த்தார். திரும்பி ஒருமுறை கேடயங்களைப் பார்த்தார். பிறகு, நம்புங்கள், கட்டைவிரல் நகத்தால் உறையைக் கிழித்தார். பழைய கண்ணாடித்தாள் வறண்டுபோய்ச் சடசடவென்று உதிர்ந்தது. உள்ளே தாள் புதுப் பச்சையாக இருந்தது. நீலப் பேனாவை எடுத்தார். எழுத்து குண்டு குண்டாக அழகாக விழுந்தது. இன்னின்ன எண்ணை ஏழு நாளுக்குள் புகார்காரரின் வீட்டு இணைப்புக்கே நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்று இதனால் உத்தரவிடப்படுகிறது. 'முயற்சி' இல்லை, 'லாம்' இல்லை. எழுத எழுத அவருக்கே நெஞ்சு நிமிர்ந்தது. இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது. சுமைக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். தையல்காரி நான்கு அமர்வில் முதல் முறையாக அந்த முக்கால் தம்ளர் தண்ணீரை எடுத்தாள். பாதியைக் கணவருக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் குடித்தாள்.

தேதி போட்டார். கீழே தன் பெயருக்கு, சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிற அந்தப் பெயருக்கு, ஒரு கோடு இழுத்தார். கோட்டின் மேல் பேனா ஒரு கணம் நின்றது.

கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினார். தாளைப் புத்தகத்திலிருந்து மெல்லப் பிரித்து, எழுத்து எதிர்ப்பக்கம் நேராகத் தெரியும்படி சுற்றி, இரண்டு விரலால் குடைக்காரரிடம் நகர்த்தினார்.